ஐஸில் நீ, தரையில் நீங்கள்

தூத்துக்குடியில் ஐஸுக்கு ஒரே வேலைதான்: மீன் நாறாமல் பார்த்துக்கொள்வது. பாளத்தை இறக்கி, மரச்சுத்தியலால் நொறுக்கி, இறால் பெட்டியில் அள்ளிப்போட்டு, மேலே ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டால் அதன் கடமை முடிந்தது. அதன்மேல் ஏறிக் கைகோத்து ஆடலாம் என்று எங்கள் ஆட்களில் எவனாவது சொல்லியிருந்தால், வெயிலில் அதிக நேரம் நின்றுவிட்டான் என்று நினைத்து மோர் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

அப்படிப்பட்ட என்னைத்தான் முதலாளி ஜெர்மனிக்கு அனுப்பினார். எழுபத்தொன்றாம் வருஷம், இலையுதிர் காலம். எங்கள் ஐஸ் பாக்டரிக்குப் புதிய கம்ப்ரெஸர் வாங்குவதென்று முடிவாகியிருந்தது. பாக்டரியில் இயந்திரப் பொறுப்பு என்னுடையது. "கண்ணால பாக்காம நான் வாங்க மாட்டேன். நீரு போயி ரெண்டு வாரம் அது பக்கத்துல நின்னுட்டு வாரும்" என்றார். இயந்திரம் செய்கிற கம்பெனிக்காரர்கள், அதே மாதிரி ஒன்று பிராங்பேர்ட்டில் ஒரு ஐஸ் அரங்கத்தில் ஓடுகிறது, அங்கே போய்ப் பாருங்கள் என்றார்கள். அரங்கம் என்றால் ஏதோ மீனைச் சேர்த்துவைக்கிற பெரிய கிட்டங்கி என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

பிராங்பேர்ட் நகரத்தை அப்போது குறுக்கும் நெடுக்குமாக வெட்டிப் போட்டிருந்தார்கள். பூமிக்கடியில் ரயில் விடப் போகிறார்களாம். பள்ளத்தின் மேல் பலகை போட்டிருந்தது. அதன்மேல் கோட்டும் தொப்பியும் போட்ட பாங்குக்காரர்கள், வீட்டில் யாரோ செத்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் துட்டி வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பு இருக்கும்.

தங்கியது ஒரு விதவை அம்மாள் நடத்திய விடுதியில். அடுப்பைப் பார்த்தால் கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருந்தது. ஏன் அப்படி இருக்கிறது என்று ராத்திரிதான் புரிந்தது. பற்றவைத்தால்தானே அழுக்காகும்? இரவுச் சாப்பாட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'மாலை ரொட்டி' என்பதுதான். செங்கல் நிறத்தில், செங்கல் கனத்தில் ஒரு ரொட்டி. அதன்மேல் ஜில்லென்று ஒரு துண்டு இறைச்சி. நான் மீன் தின்கிற ஊர்க்காரன் என்று கேள்விப்பட்டு அந்த அம்மாள் மறுநாள் ஆசையாக மீன் கொண்டுவந்து வைத்தார். வேகவைக்காத மீனைச் சுருட்டி, குச்சி குத்தி, புளிக்காடியில் ஊறப் போட்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. இத்தனை அருமையாகக் குளிர்பெட்டி செய்யத் தெரிந்த சனத்துக்கு ஒரு குழம்பு வைக்கத் தெரியவில்லை.

எனக்கு மொழிபெயர்க்க வந்தவன் ஜமால். காயல்பட்டினத்துப் பையன். அவன் வாப்பா எங்கள் முதலாளிக்குப் பழக்கம். டார்ம்ஸ்டாட்டில் இரும்பு களைத்துப்போவதைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். இரும்பு களைக்கிறதாம். அதற்கு டாக்டர் பட்டமாம். "தெனமும் ஒரே எடத்துல லோடு குடுத்தா மெட்டல் டயர்டு ஆகும் அண்ணாச்சி" என்று அவன் விளக்கினான். எங்கள் பாக்டரிக்கு வந்து ஒரு வாரம் இருந்தால் எது எது களைக்கும் என்று நானே காட்டிவிடுவேன் என்றேன்.

முதல் நாள் டிராமில் இருவரும் நின்றுகொண்டு போனோம். எதிரே இரண்டு கிழவிகள் என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். என்னவென்று கேட்டேன். ஜமால் தயங்கித் தயங்கிச் சொன்னான். "இந்த மனுசனுக்கு இவ்வளவு மெல்லிசா ஒரு கோட்டக் குடுத்து அனுப்பியிருக்காளே, இவன் பொண்டாட்டிக்கு இவனப் புடிக்காது போலன்னு பேசிக்கிடுதாவ." எனக்கு உடனே இறங்கிவிடலாம் போல இருந்தது. கோட்டு என் மச்சினனுடையது.

அரங்கம் கிட்டங்கி அல்ல. இவ்வளவு பெரிய மைதானத்தை ஐஸால் மெழுகி வைத்திருந்தார்கள். மேலே கூரை, பக்கங்களில் சுவர் கிடையாது, காற்று எலும்பில் போய் உட்கார்ந்தது. அத்தனை ஐஸுக்கு நடுவே ஒரு நெத்திலிகூட இல்லை. இத்தனை ஐஸை எங்கள் துறைமுகத்தில் கொண்டு போட்டால் ஒரு வாரம் படகு படகாக இறால் கரை சேரும். இங்கே அதன்மேல் காலையில் இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இயந்திர அறை அரங்கத்தை ஒட்டியே இருந்தது. கம்ப்ரெஸர் உண்மையிலேயே நல்ல சரக்கு. சத்தம் சீராக, பால் கறக்கிற மாதிரி ஓடியது. அந்த நாட்டில் நான் மனசாரக் கையெடுத்துக் கும்பிட்டது அதை ஒன்றைத்தான். அறையில் ஒரு ஜன்னல். நான் வேண்டாம் என்றாலும் அதன் வழியாக அந்த இரண்டு பேரும் தெரிந்தார்கள்.

பதினெட்டு இருபது வயசுப் பிள்ளைகள் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆணுக்கு நாற்பது தாண்டியிருந்தது. முன்மண்டை வழுக்கை. பெண்மணிக்கு முப்பத்தைந்துக்குக் குறையாது. அவர் இந்த அம்மாளை இடுப்பில் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கை மடங்காமல், வட்டம் வட்டமாகச் சறுக்கிப் போவார். அப்புறம் ஒரே இடத்தில் ஊன்றிக்கொண்டு சுழல்வார். அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்தபடி, தலைமயிர் ஐஸில் உரச உரசப் படுத்த வாக்கில் சுற்றி வருவார். இதற்கு 'மரணச் சுழல்' என்று பெயராம். பெயராவது ஒழுங்காக வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். நானும் நாற்பதுக்காரன்தான். குனிந்து வால்வைத் திருகினால் எழுந்திருக்க எனக்கு ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் நேரே இயந்திர அறைக்கு வந்தார்கள். அந்தக் கட்டடத்தில் சூடான இடம் அது ஒன்றுதான். கையுறைகளைக் குழாயின் மேல் காயப் போட்டார்கள். பெண்மணி பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றினார். அதற்குக் கோப்பை, கோப்பைக்கு அடியில் சாஸர். எல்லாம் வீட்டிலிருந்து பையில் கட்டிக் கொண்டுவந்தது. இஞ்சின் ரூமில் சாஸர் வைத்துக் காப்பி குடிக்கிற ஆட்களை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கைகுலுக்கி அறிமுகம் ஆனது. அவர் லிண்ட்னர், ஒரு செருப்புக் கடையில் மானேஜர். அந்த அம்மாள் பெயர் கெர்டா ரைனெக்கே. புருஷன் பல் டாக்டர்.

"அப்ப இவரு புருசன் இல்லியா?" என்று ஜமாலைக் கேட்டேன்.

"இல்ல அண்ணாச்சி. இவரு பார்ட்னர். பதினாறு வயசுல இருந்து அவியளுக்கு இவருதான் பார்ட்னர்."

"பல் டாக்டர் என்ன பண்ணுதாரு?"

"பல்லு புடுங்குதாரு."

இதற்குமேல் என்ன கேட்பது?

அந்த வாரத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் ஜமால் முதல் நாளே இரண்டு சொற்களைச் சொல்லிக் கொடுத்திருந்தான். 'டூ' என்றால் நீ. 'ஸீ' என்றால் நீங்கள். "தப்பித் தவறி யாரையும் டூ சொல்லிராதீங்க, கேஸ் போட்டுருவாங்க" என்று பயமுறுத்தியிருந்தான். அதனால் எனக்கு அந்த இரண்டு சொல் மட்டும் எங்கே யார் பேசினாலும் காதில் விழும்; மற்றதெல்லாம் வெறும் இரைச்சல். இந்த இரண்டு பேரும் இயந்திர அறையில் பேசும்போது ஒரே 'ஸீ'. திரு லிண்ட்னர், உங்களுக்குச் சர்க்கரை வேண்டுமா? வேண்டாம், திருமதி ரைனெக்கே, உங்களுக்கு நன்றி. ஐஸில் கால் வைத்த அடுத்த நொடி 'டூ'. பெயரும் மாறிவிடும். அவர் ஓட்டோ, இவர் கெர்டா. தடுப்பைத் தாண்டித் தரையில் இறங்கினால் மறுபடியும் ஸீ, மறுபடியும் திரு, திருமதி.

நான் தவறாகக் கேட்டேனோ என்று ஜமாலிடம் விசாரிக்கச் சொன்னேன். கெர்டா அம்மாள் சிரிக்காமல் பதில் சொன்னார். ஜமால் எனக்குச் சொன்னான்: "ஐஸ் மேல அவசரத்துல மரியாதைக்கு டைம் கெடையாதாம் அண்ணாச்சி. கீழ வந்தா டைம் இருக்காம்."

இருபது வருஷமாக ஒரு பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருக்கிறவர், கீழே இறக்கினதும் நீங்கள் நலமா என்று கேட்கிறார். எங்கள் ஊரில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள், 'இந்தா, உங்களத்தானே' என்பாள். ஆனால் அது வீட்டிலும் அப்படித்தான், கடைத்தெருவிலும் அப்படித்தான். தரைக்கொரு மரியாதை, ஐஸுக்கொரு மரியாதை என்று வைத்துக்கொள்கிற வெட்டிவேலை எங்களுக்குத் தெரியாது. அன்று முழுக்க இதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

ஊரிலிருந்து கொண்டுபோன மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து அவர்களுக்கு நீட்டினேன். கெர்டா அம்மாள் ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி மோந்து பார்த்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டார். லிண்ட்னர் மூன்றைத் தின்றார். அந்த அம்மாள் தின்பதை எல்லாம் தான்தான் தூக்க வேண்டும், அதனால் அந்த அம்மாள் பங்கையும் தானே தின்றுவிடுவது வழக்கம் என்று அவர் சொன்னதாக ஜமால் சொன்னான். அந்த அம்மாள் வேறு பக்கம் திரும்பிக் காப்பியைக் குடித்தார். மக்ரூனை மோந்து பார்த்துவிட்டு வைக்கிற அளவுக்கு ஒரு ஆட்டம் முக்கியமா? முந்திரியும் முட்டையும் போட்டுச் செய்ததை! எனக்குக் கோபமே வந்தது.

சனிக்கிழமை ஜமால் என்னை டார்ம்ஸ்டாட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். மன்ஹைம் போகிற வண்டியில் ஏறுங்கள், வழியில்தான் டார்ம்ஸ்டாட் என்றிருந்தான். மன்ஹைம் போகிற வண்டியில்தான் ஏறினேன். ஆனால் மன்ஹைம் போகிற வண்டிகளில் சில டார்ம்ஸ்டாட் பக்கமே எட்டிப் பார்க்காமல் வேறு பாதையில் போகுமாம். இதை யாரும் சொல்லவில்லை. எங்கள் மணியாச்சியில் தப்பான வண்டியில் ஏறினால் பெட்டியில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து நம் பெட்டி படுக்கையைத் தூக்கி வெளியே போட்டு இறக்கிவிடுவார்கள். இங்கே என் பெட்டியில் இருந்த ஆறு பேரும் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் பரிசோதகர் என் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சல்யூட் அடிக்கிற மாதிரி தொப்பியைத் தொட்டார், போய்விட்டார். மன்ஹைம் வரைக்கும் மரியாதையாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். சாப்பாட்டுக்குப் போனவன் டார்ம்ஸ்டாட் போய்ச் சேர்ந்தபோது காப்பி நேரம்.

ஜமால் சோறு வடித்து, டப்பா மீனைப் போட்டுப் புளிக்குழம்பு வைத்திருந்தான். புளிக்கு எங்கே போனானோ தெரியாது. கட்டிலில் உட்கார்ந்து மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அன்றைக்குத்தான் அந்த இரண்டு பேரின் கதையைச் சொன்னான்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், ஆஸ்திரியாவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இருவரும் ஆடியிருக்கிறார்கள். பதக்கம் கிதக்கம் ஒன்றும் கிடையாது. கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடும். அப்புறம் அந்த அம்மாள் பல் டாக்டரைக் கட்டிக்கொண்டார். இவர் செருப்பு விற்கப் போனார். காசு வாங்கிக்கொண்டு ஐஸ் நாடகத்தில் ஆடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் காலச் சட்டப்படி, காசு வாங்கி ஆடினால் ஒலிம்பிக் கதவு மூடிவிடும். அதனால் போகவில்லை. அந்தக் கதவு எப்போது திறக்கும் என்று இருவரும் காத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"இப்ப ஜப்பான்ல வருதுல்லா, அதுக்குப் போணும்னு கெளம்பியிருக்காவ. நாளைக்குக் கமிட்டி வருது. மூணு பேரு. நாளைக்கு ஆடுறதப் பாத்து சரின்னு சொன்னா செலக்சனுக்கு விடுவாங்க. இல்லன்னா அதோட குளோஸ். இனிமே டிரையலே குடுக்க மாட்டாங்களாம். வயசாச்சின்னு போன மாசமே சொல்லிட்டாங்க. கெர்டாம்மா சண்டை போட்டுத்தான் இந்த ஒண்ண வாங்கியிருக்காவ."

"எதுக்குப்பா இந்தப் பாடு? போன தடவயே கடைசியிலதான வந்தாவ?"

"அதுக்குத்தான் அண்ணாச்சி."

சோற்றைப் பிசைந்துகொண்டே நான் சிரித்தேன். ஒரு தடவை உலகத்துக்கு முன்னால் தோற்றது போதாதென்று, இன்னொரு தடவை தோற்க அனுமதி கேட்டு மூன்று பேர் முன்னால் நிற்கிறார்கள். கலியாணமான பொம்பளையும் செருப்புக் கடை மானேஜரும்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு அங்கே வேலை இல்லை. இயந்திரம் எனக்காக ஒன்றும் ஓடவில்லை. இருந்தாலும் ஜமாலையும் கூட்டிக்கொண்டு போனேன். கூத்து நடக்கிற இடத்தில் போய் நிற்கிற புத்தி எங்கள் ஊர்க்காரர்களுக்கு உண்டு.

கமிட்டிக்காரர்கள் மூவரும் கம்பளியை மடியில் விரித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேருமே ஐம்பதைத் தாண்டினவர்கள். பெஞ்சில் உட்காருவதற்கே ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். இவர்கள்தான் அடுத்தவர் வயசைப் பற்றிப் பேச வந்திருந்தார்கள். பல் டாக்டர் வெளியே காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். உள்ளே வரவில்லை. பெண்டாட்டியை இன்னொருவர் தூக்குவதைப் பார்க்க மனமில்லையோ, குளிர்தானோ, யார் கண்டது? லிண்ட்னர் இயந்திர அறையில் சட்டையைத் தூக்கி இடுப்பில் பட்டை கட்டினார். தோளில் தடவ என்னிடம் இருந்த தலைவலித் தைலத்தைக் கொடுத்தேன். நன்றி என்று என்னையும் 'ஸீ' போட்டுச் சொன்னார்.

ஒலிபெருக்கியில் தேய்ந்த ரெக்கார்டு கரகரத்தது. இருவரும் புறப்பட்டார்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் பாதி பார்க்க நன்றாகவே இருந்தது. எதிரும் புதிருமாகப் போகிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதே இல்லை. ஆனால் கை நீட்டினால் அங்கே கை இருக்கிறது. முதல் தூக்கல் பிசகில்லாமல் போனது. மரணச் சுழலில் கமிட்டிக்காரர் ஒருவர் கம்பளியை விட்டு முன்னால் குனிந்தார். சரி, இந்தக் கிழடுகள் ஜப்பானுக்குப் போய்த் தொலையட்டும் என்று எனக்கே தோன்றிவிட்டது.

இரண்டாவது தூக்கலில் லிண்ட்னரின் இடது முழங்கை மடங்கியது. அந்த அம்மாள் மேலே இருந்தார். கை மடங்கினதும் அவர் அம்மாளைப் பக்கத்தில் விழ விடவில்லை. தன் நெஞ்சோடு சேர்த்து இழுத்துக்கொண்டு, மல்லாக்க, தன் முதுகு ஐஸில் அடிபட விழுந்தார். அந்தச் சத்தம் கம்ப்ரெஸர் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. "டூ!" என்று அந்த அம்மாள் கத்தினார். எழுந்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. விட்ட இடத்தைத் துரத்திப் பிடித்து, கடைசி வரைக்கும் ஆடி, கமிட்டிக்குத் தலைகுனிந்து வணக்கம் வைத்தார்கள்.

கமிட்டி வெகுநேரம் குசுகுசுத்தது. பிறகு மூவரில் தொப்பி வைத்தவர் எழுந்து வந்து கெர்டா அம்மாளை மட்டும் தடுப்புக்கு வெளியே கூப்பிட்டார். லிண்ட்னருக்குப் பத்தடி தள்ளி நின்றுதான் பேசினார். லிண்ட்னர் முதுகில் கை வைத்துக்கொண்டு ஐஸிலேயே சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கும்.

ஜமால் என் பக்கம் சாய்ந்து சொன்னான். "கெர்டாம்மா இன்னும் ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்காவளாம். அவியள செலக்சனுக்கு விடுதாங்களாம். பார்ட்னர மட்டும் மாத்தணுமாம். உவேன்னு ஒரு பையன் இருக்கான், இருபத்திரெண்டு வயசு, அவன் பார்ட்னருக்குக் காலு முறிஞ்சி போச்சாம். நாளைக்கே ஆரம்பிக்கலாங்காங்க."

"லிண்ட்னர்?"

"அவரப் பத்தி ஒண்ணும் பேசல."

எனக்கு ரத்தம் கொதித்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளையை மட்டும் மாற்றுகிறேன், பந்தல் அப்படியே இருக்கட்டும் என்கிற மாதிரி! ஆளை வேண்டாம் என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? கம்பளி போர்த்திக்கொண்டு தீர்ப்புச் சொல்ல வந்துவிட்டார்கள். எங்கள் ஏலக் கூடத்தில் கெட்டுப்போன மீனைக்கூட 'கெட்டுப்போச்சு' என்று சொல்லித்தான் தள்ளுவோம்.

கெர்டா அம்மாள் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நின்றது ரப்பர் விரிப்பில், தரையில். ஐஸில் இருந்த லிண்ட்னரிடம் ஏதோ கேட்டார். முழுக்கப் புரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்த சொல் அதில் இருந்தது. "டூ" என்றார். தரையில் நின்றுகொண்டு. "ஓட்டோ" என்றார். லிண்ட்னர் கிட்டே வந்தார். ஐஸைவிட்டு இறங்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பேசியது நாலு வார்த்தை. அதில் எனக்குத் தெரிந்தது 'ஸீ'. திருமதி ரைனெக்கே என்றார்.

ஜமால் மொழிபெயர்க்க வாயைத் திறந்தான். வேண்டாம் என்றேன். இதற்குக்கூடத் துபாஷி எதற்கு? எனக்குத் தெரிந்த ஜெர்மனே அந்த இரண்டு சொல்தான். அந்த இரண்டும் இடம் மாறி விழுந்தன. அன்று டிராமில் திரும்பி வரும்போது எனக்கு யார் மேல் கோபம் என்றே பிடிபடவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். ராத்திரி விடுதி அம்மாள் வைத்த அந்தச் சுருட்டின மீனை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். நினைத்ததைவிட மோசமாக இருந்தது.

அடுத்த சில நாட்கள் கம்பெனியில் இயந்திரத்தைப் பிரித்துக் காட்டினார்கள். அரங்கத்துப் பக்கம் போகவில்லை. ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின காலை, இயந்திர அறைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று ஜமாலுடன் வந்தேன்.

ஐஸில் கெர்டா அம்மாளும் அந்த உவேயும் இருந்தார்கள். பையன் பனைமரம் மாதிரி வளர்ந்திருந்தான். கழுத்து வரைக்கும் முடி, வாயில் பபிள்கம். சற்று முன் விரிப்பில் உட்கார்ந்து சறுக்கு ஷூவின் கயிற்றைக் கட்டும்போதே அந்த அம்மாளை 'டூ' என்றான். பழகி ஒரு வாரம் ஆகவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தரையும் ஐஸும் ஒன்றுதான் போலிருக்கிறது. அந்த அம்மாளும் தன் பாட்டுக்குக் கையுறையை மாட்டிக்கொண்டார்.

தடுப்புக்கு வெளியே லிண்ட்னர் நின்றுகொண்டிருந்தார். கடைக்குப் போகிற கோட்டு, டை, பளபளவென்று தேய்த்த ஷூ. கையைத் தடுப்பின் மேல் தட்டித் தட்டி அந்தப் பையனுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்!

எனக்குத் தாங்கவில்லை. "தம்பி, அந்த ஆளுகிட்ட கேளு. ஒமக்கு ரோசமே கெடையாதான்னு கேளு."

"அண்ணாச்சி, ரோசத்துக்கு ஜெர்மன்ல கரெக்டா வார்த்தை இல்ல."

"இல்லாட்டி நீ உண்டாக்கு. கேளு."

ஜமால் சுற்றி வளைத்து நீளமாக ஏதோ கேட்டான். லிண்ட்னர் ஐஸைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

"அவியள நான் கீழ போட்டிருக்கேன், எத்தனையோ தடவ போட்டிருக்கேங்காரு. எப்படிப் புடிச்சா விழுவாவ, விழுந்தா எங்க வலிக்கும்னு எனக்குத்தான் தெரியும். இந்தப் பையன் இன்னும் ஒரு தடவகூடப் போடல, அதனால அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்காரு."

அதற்குள் பையன் தூக்கப் பார்த்துத் தடுமாறினான். லிண்ட்னர் தடுப்பில் ஓங்கி அடித்தார். இடது பக்கம் அப்படி அழுத்தாதே என்றார் என்று ஜமால் சொன்னான். இடது இடுப்பில் அந்த அம்மாளுக்குப் பழைய அடி. வலித்தாலும் வாயைத் திறக்க மாட்டார். நீதான் தெரிந்துகொண்டு கையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடிக்க வேண்டும்.

முழு மடையன், இதைக்கூடவா சொல்லிக் கொடுப்பான் என்று நான் தமிழில் வாய்விட்டே சொன்னேன். லிண்ட்னர் என் பக்கம் திரும்பி, புரிந்த மாதிரி தலையை ஆட்டினார்.

பையன் மறுபடி வேகமெடுத்து வந்தான். கையைக் கீழே இறக்கிப் பிடித்தான். கெர்டா அம்மாள் சர்ரென்று மேலே போனார். பையன் கை இரண்டும் மடங்காமல் தூண் மாதிரி நின்றன. லிண்ட்னரால் ஒரு நாளும் அவ்வளவு உயரம் தூக்கியிருக்க முடியாது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. அந்தக் கம்பளிக்காரர்கள் பார்த்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்கள். லிண்ட்னர் கடிகாரத்தைப் பார்த்தார். கடை திறக்க நேரமாகிவிட்டது என்று ஜமாலிடம் சொன்னார். என் கையைக் குலுக்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, வெளிவாசல் கம்பிக்கதவை நோக்கி நடந்தார்.

மேலே இருக்கிறவருக்குக் கீழே இருக்கிறவர் முகம் தெரியாது. எப்போது இறங்க வேண்டும் என்பதை மேலே இருக்கிறவர்தான் குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும். கெர்டா அம்மாள் குரல் கொடுத்தார்.

"ஓட்டோ!"

பையன் இறக்கவில்லை. தன் பெயர் இல்லையே, யாரையோ கூப்பிடுகிறார் என்று அவன் பாட்டுக்கு இன்னொரு சுற்று போனான்.

"ஓட்டோ!" இந்தத் தடவை குரலில் பயம் இருந்தது.

லிண்ட்னர் கதவில் கை வைத்தபடி நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மைதானம் முழுக்கக் கேட்கும்படி பையனுக்குச் சத்தம் போட்டார். ஜமால் அதை என் காதில் சொன்னான்.

"உன்னத்தான் கூப்பிடுதாவ. எறக்கி விடு."